எட்டுக்கு ஐந்து

குழாயடியில் கை கழுவும்போதுதான் வேதரத்தினத்துக்கு அந்த முடிச்சு நினைவுக்கு வந்தது. ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்த சிவப்பு மையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்; நகக்கண்ணில் ஏதோ நெருடியது; தூக்கிப் பார்த்தால் வெள்ளை நூலின் பிசிறு. அரை அங்குலம்கூட இருக்காது. தண்ணீர் பட்டதும் விரலோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். காலையில் திருத்திய பன்னிரண்டு விடைத்தாள்களில் ஒன்றில், கூடுதல் தாள்களைச் சேர்த்துக் கட்டியிருந்த நூல் அது. எழுதிய பிள்ளை கடைசி நேரப் பதற்றத்தில் இழுத்து இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டிருந்தது. கடைசி இரண்டு தாள்கள் மடங்கி உள்ளே மாட்டிக்கொண்டு பிரியவில்லை. நகத்தால் நெம்பினார். அது நினைவிருந்தது. நெம்பிக்கொண்டிருக்கும்போது தேநீர் வந்தது; அதுவும் நினைவிருந்தது. அடுத்த மேசை கலியமூர்த்தி, தன் பள்ளித் தலைமையாசிரியர் குடியரசு தினத்தன்று கயிற்றை இழுக்க இழுக்கக் கொடி இறங்கிக்கொண்டே வந்த கதையைச் சொன்னதும், அறையே சிரித்ததும், தானும் சிரித்ததும் நினைவிருந்தது. அதற்கு அடுத்து நினைவில் இருப்பது, அந்தத் தாளின் முகப்பில் முப்பத்தொன்று என்று கூட்டுத்தொகை எழுதியதுதான். நடுவில் ஒன்றுமில்லை. முடிச்சு அவிழ்ந்ததா, தாள் பிரிந்ததா, உள்ளே என்ன எழுதியிருந்தது, அதற்கு என்ன போட்டார், எதுவும் இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"ஐயா, கை கழுவுறீங்களா, காவேரியில முங்கி எந்திரிக்கிறீங்களா? பின்னால ஒரு பட்டாளமே நிக்குது" என்றார் கலியமூர்த்தி.

"இந்தா, ஆச்சு."

"மை போவாதுங்கய்யா. மே மாசம் முடியிற வரைக்கும் சோறு செகப்பாத்தான் இருக்கும். வாங்க, வயித்தப் பாப்போம்."

மணி ஒன்று பத்து. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ் இரண்டாம் தாள் திருத்தும் முகாம், நாகப்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில், இன்றோடு ஒன்பதாவது நாள். காலையில் பன்னிரண்டு தாள், பிற்பகலில் பன்னிரண்டு தாள். பெயர் இல்லை, ஊர் இல்லை, பள்ளி இல்லை, ஒரு எண் மட்டும். திருத்தி முடித்த தாள்களை உறையில் போட்டுக் கொடுத்தால், கூர்ந்தாய்வாளர் கூட்டலைச் சரிபார்ப்பார். பிறகு முதன்மைத் தேர்வாளர் மரகதவல்லி அம்மாளின் மேசைக்குப் போகும். அவர் இரண்டொன்றை உருவிப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். சரியாக இரண்டு மணிக்குப் பிற்பகல் மணி அடிக்கும். அடித்ததும் காலைக் கட்டுகள் அரக்கு முத்திரையோடு முகாம் அலுவலர் அறைக்குள் போய்விடும். போனால் போனதுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் போன தாளை யார் வந்து கேட்டாலும் பிரிக்க முடியாது. ஐம்பது நிமிடம் இருக்கிறது என்று நினைத்தார். ஐம்பது நிமிடத்தில் எதற்கு, என்று உடனே ஒரு எண்ணம். சோறு தின்னத்தானே ஐம்பது நிமிடம்.

கீழ்த்தள வகுப்பறையில் எல்லோரும் பெஞ்சுகளில் இலையும் டப்பாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். வேதரத்தினம் சன்னலோரம் உட்கார்ந்து தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்தார். கடற்காற்று வெயிலோடு சேர்ந்து உப்பும் சூடுமாக முகத்தில் அடித்தது. ஒரு வாய் எடுத்து வைத்தார். முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றுக்குள் கடைசிக் கட்டுரை இருக்கிறதா இல்லையா, அதுதானே கேள்வி. திரும்பக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துபோகும். குறுவினாவில் அந்தப் பிள்ளை பாதிக்குமேல் விட்டிருந்தது. பதினொன்றோ பன்னிரண்டோ வந்தது. மனப்பாடப் பகுதி நான்கு. அதற்கடுத்து மொழிபெயர்ப்பு, மூன்று போட்ட மாதிரி இருக்கிறது; இல்லை, மூன்று போட்டது அதற்கு முந்தின தாளுக்கு. சரி, இரண்டு என்றே வைப்போம். பன்னிரண்டும் நான்கும் பதினாறு, இரண்டு, பதினெட்டு, அப்புறம், அப்புறம் நெடுவினா ஒன்று, அதற்கு எவ்வளவு? எண்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. பன்னிரண்டு தாளின் எண்களும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறின மாதிரி. கூர்ந்தாய்வாளர் பார்த்திருப்பார் என்று சொல்லிக்கொண்டார். ஒரு விடைக்கு மதிப்பெண் போடாமல் விட்டிருந்தால் அந்த அம்மாள் உடனே தூக்கிக்கொண்டு வந்திருப்பார், வரவில்லை, ஆகவே விடவில்லை. ஒரு வாய்ச் சோறு இறங்கியது. ஆனால் தாள் மடங்கி மாட்டிக்கொண்டிருந்தால் அந்த அம்மாளுக்கும் அது தெரிந்திருக்காதே. அந்த அம்மாளும் இவரைப்போல ஒன்பது நாளாக உட்கார்ந்திருப்பவர்தானே. சோறு அங்கேயே நின்றது.

இந்த இரண்டாம் தாளில் முப்பத்தொன்று வாங்கிய பிள்ளை, முதல் தாளில் எவ்வளவு வாங்கியிருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. முதல் தாள் வேறெங்கோ ஒரு முகாமில், வேறு யாரோ ஒருவரின் சிவப்புப் பேனாவுக்குக் கீழே. இரண்டும் சேர்ந்து எழுபது வந்தால் தேர்ச்சி. அங்கே முப்பத்தொன்பது வாங்கியிருந்தால் பிழைத்தது. முப்பத்தேழு என்றால் இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. அந்தப் பிள்ளை, பெண்ணோ பையனோ, கையெழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது, அது மட்டும் தெளிவாகக் கண்ணில் நின்றது, காற்றில் சாய்ந்த நாணல் மாதிரி, மே மாதம் பத்திரிகையில் தன் எண்ணைத் தேடும், இருக்காது, மறுபடி தேடும். அதற்குமேல் நினைக்க விடாமல் ஒரு வாய் மோர்மிளகாயைக் கடித்தார். காரம் உறைக்கவில்லை. இன்று சோற்றில் உப்புப் போட்டோமா? போட்டிருக்கிறது. எப்போது போட்டோம்? விடியற்காலை ஐந்து மணிக்குச் சோறு வடித்தது, தாளித்தது, டப்பாவில் அடைத்தது எதுவும் தனியாக நினைவில் இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது, கடுகு இருக்கிறது, கறிவேப்பிலை இருக்கிறது. கை போட்டிருக்கிறது. அடுப்பை அணைத்ததும் கைதான் அணைத்திருக்க வேண்டும். வீட்டைப் பூட்டியது? சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், சாவி இருந்தது. சாவி இருந்தால் பூட்டியதாக ஆகிவிடுமா? மனைவி தையல்நாயகி இருந்தவரை தெருமுனை வரைக்கும் வந்து, "பூட்ட இழுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்பாள். அவள் வீட்டிலேயே இருக்கும்போதுகூடக் கேட்டிருக்கிறாள், பள்ளி அலமாரியைப் பற்றி, மிதிவண்டியைப் பற்றி. அவள் கேட்ட பிறகுதான் இழுத்துப் பார்த்தது நினைவில் பதியும். மூன்று வருடமாகக் கேட்க ஆள் இல்லை. மூன்று வருடமாக எதுவுமே பதியவில்லையோ? பள்ளிவாசலுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் இருக்கிறது, எதிர்வீட்டுக் காசாம்புவுக்குப் போன் போட்டுக் கதவைப் பார்க்கச் சொல்லலாம். நேற்றும் போட்டார். காசாம்பு சிரித்தான். "வாத்தியாரே, பூட்டு தொங்குது. நாளைக்கும் தொங்கும். நீங்க புள்ளைவொ பேப்பரப் பாருங்க" என்றான்.

பிள்ளைகள் பேப்பரைப் பார்ப்பதுதானே தொழில். இருபத்தெட்டு வருடம். தலைஞாயிறு பக்கத்தில் முதன்முதலாகத் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது கட்டுரை நோட்டுகளை இரண்டு தடவை படிப்பார். ஒரு தடவை சிவப்புப் பேனாவோடு, பிழைக்காக. இன்னொரு தடவை பென்சிலோடு, பிள்ளை என்ன சொல்ல வந்தது என்பதற்காக. பென்சிலால் ஓரத்தில் ஏதாவது எழுதுவார்: "மாடு தொலைந்த அன்று உன் அப்பா என்ன சொன்னார்?", "இந்த மழை உண்மையில் பெய்ததா?" பிள்ளைகள் அதற்குப் பதில் எழுதிக்கொண்டு வரும். அந்தப் பென்சில் எந்த வருடம் நின்றது? யோசித்துப் பார்த்தார். எம்.ஏ. அஞ்சல்வழியில் படித்தபோது நேரம் போதவில்லை, அப்போதா? மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி ஒரே வகுப்பில் எழுபது பிள்ளைகள் வந்தபோதா? ஒரு நாளில் நிற்கவில்லை. ஒரு வாரம் நேரமில்லை, அடுத்த வாரம் பரீட்சை, அதற்கடுத்த வாரம் ஆய்வாளர் வருகை. படிப்பு ஏறியது, சம்பளப் படி ஏறியது, முதுகலை ஆசிரியர் என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. முகாமில் வேகக்கை என்று பெயர் வாங்கினார். பன்னிரண்டு தாளில் ஒன்பதைப் பத்தேமுக்கால் மணித் தேநீருக்குள் முடித்துவிடுவார். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று கண் தாவும். கை டிக் போடும். பக்கம் நிறைந்திருந்தால் ஐந்து, தலைப்புகளுக்கு அடிக்கோடு இட்டிருந்தால் ஆறு. இதுதான் வளர்ச்சி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. போன வருடம் பணியிடைப் பயிற்சியில் கோந்தும் சார்ட்டும் கொடுத்து, 'இந்த ஆண்டு ஆசிரியராக நான் புதிதாகக் கற்றது' என்று எழுதச் சொன்னார்கள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அவரும் எழுதினார். எழுதி ஒட்டிய பிறகுதான், அதற்கு முந்தின வருடப் பயிற்சியிலும் இதே வாக்கியத்தைத்தான் எழுதினோம் என்று தெரிந்தது. பயிற்சியாளர் வந்து பார்த்து, "அருமை" என்றார்.

அதைவிட உறுத்தியது, ஒரு நாள் சந்தித்த அந்தப் பேருந்து நடத்துநர். திருத்துறைப்பூண்டி போகும் வண்டியில், சீட்டுக் கிழித்துக் கொடுத்தவன் காசை வாங்காமல் நின்றான். "ஐயா, என்னைத் தெரியலையா? தெட்சிணாமூர்த்தி. எழுபத்தொம்பது செட்டு." தெரியவில்லை, தெரிந்த மாதிரித் தலையாட்டினார். "நீங்க எழுதிப்போட்ட கட்டுரை இன்னும் மனசுல அப்படியே நிக்குதுங்கய்யா. கேளுங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி முழுக்கக் கேட்க, ஒற்றுமையே உயர்வு என்ற கட்டுரையை ஆரம்பித்தான். பயணிகள் சிரித்தார்கள். வேதரத்தினத்துக்கும் பெருமையாகத்தான் இருந்தது, எறும்புகள் வரும்வரை. "எறும்புகள் வரிசையாகச் செல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆகவேதான் அந்த மூன்று சகோதரர்களும் இறுதியில் வென்றனர்" என்றான் நடத்துநர். எந்த மூன்று சகோதரர்கள்? வேதரத்தினம் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் குறிப்பேட்டில் நடுவே ஒரு பக்கம் முழுக்க அந்தச் சகோதரர்களின் கதை இருக்கிறது. அந்த வருடம் சொல்லி எழுத வைத்தபோது இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். எறும்புக்குப் பிறகு சகோதரர்கள் எங்கிருந்தோ குதித்து வென்றுவிட்டார்கள். வகுப்பில் நாற்பத்தாறு பேர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள், அப்படியே மனப்பாடம் செய்தார்கள், பொதுத்தேர்விலும் அப்படியே எழுதினார்கள். ஒருவன்கூட ஐயா, யார் அந்த மூன்று பேர் என்று கேட்கவில்லை. அதைவிட, "பத்துக்கு எட்டுங்கய்யா!" என்றான் தெட்சிணாமூர்த்தி. எட்டு. எங்கோ ஒரு முகாமில், ஒரு மேசையில், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, வராத சகோதரர்களுக்கு டிக் போட்டவர் யார்? அந்த ஆள் மேல் அன்று வந்த கோபம் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது கோபம் வரவில்லை. அந்த ஆளின் மேசை எப்படி இருந்திருக்கும் என்று நன்றாகத் தெரிகிறது.

"என்னங்கய்யா, சோறு எறங்கலையா?" கலியமூர்த்தி டப்பாவைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "எச்செம் ஆவப்போற மனுசன், இப்பவே பத்தியமா?"

"கலியமூர்த்தி, ஒண்ணு கேக்கணும். காலையில டீ வந்துச்சே, அப்ப நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"இது என்ன கேள்வி? டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"டீயோட."

"திருத்திக்கிட்டு இருந்தீங்க. சிரிச்சுக்கிட்டே திருத்துனீங்க. நான்கூட நெனச்சேன், ஐயாவுக்குக் கை தனி, வாய் தனின்னு." கலியமூர்த்தி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏன், என்ன ஆச்சு?"

"ஒரு பேப்பர்ல கடைசிக் கட்டுரைய விட்டுட்டனோன்னு இருக்கு."

"கூட்டலை எஸ்.ஓ. அம்மா பாத்தாச்சு. சி.இ. அம்மா, அதான் நம்ம மரகதவல்லி, கையெழுத்தும் போட்டாச்சு. விட்டிருந்தா இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்க. நீங்களாப் போயி, அம்மா நான் விட்டுட்டேன்னு நின்னா, அது தானாப் போயி வண்டியில விழுற கதை. சம்பந்தம் சாருக்கு என்ன ஆச்சு?"

சம்பந்தத்துக்கு என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். போன வருடம் ஒரு விடையைத் திருத்தாமல் விட்டார். வெளியே தெரிந்தது. பதினேழு பி என்று குற்றக் குறிப்பாணை வந்தது. விசாரணை முடியாததால் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. மாசி மாதம் ஓய்வு பெற்றார், தலைமையாசிரியர் ஆகாமலேயே. இந்த வருடப் பட்டியலில் வேதரத்தினத்தின் பெயர் பதினாறாவது. சூன் மாதம் கலந்தாய்வு. ஓய்வுக்கு இரண்டரை வருடம். அந்த இரண்டரை வருடத்துக்கு ஒரு அறை, ஒரு மேசை, கதவில் பெயர்ப்பலகை. பேராசை என்று சொல்ல முடியாது. தையல்நாயகி கேட்டுக்கொண்டே இருந்தாள், எப்ப வரும் எப்ப வரும் என்று. வந்து என்ன ஆகப்போகிறது, கட்டுரை நோட்டு திருத்த வேண்டாம் என்று ஒரு நாள் அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "அத விட்டுட்டா அப்பறம் நீங்க வாத்தியாரே இல்லையே" என்றாள். இதையெல்லாம் எதற்கு இப்போது. மணி ஒன்று முப்பத்தைந்து.

எழுந்து டப்பாவைக் கழுவினார். மாடிப்படிக்கு வந்தார். மரகதவல்லி அம்மாளின் அறை மாடியில் இடப்பக்கம் மூன்றாவது. ஏழெட்டுப் படி ஏறினார். நின்றார். போய் என்ன சொல்வது? ஒரு தாளில் ஐயம் என்று சொல்லலாம். என்ன ஐயம் என்பார். விட்டிருந்தால் சரிசெய்யலாம், இரண்டு மணிக்குள் செய்தால் அது பிழையே இல்லை, அதற்காகத்தானே இத்தனை பேர் இருக்கிறோம் என்று அவரே சொல்வார், நல்ல மனுஷி. இவருக்கு எட்டு வருடம் பின்னால் வேலைக்கு வந்தவர், நேரடித் தேர்வில் தலைமையாசிரியை ஆனவர், ஆனாலும் இன்றுவரை எழுந்து நின்றுதான் பேசுவார். அப்படியானால் பயம் எதற்கு? படியின் கைப்பிடிச் சுவரில் கையை வைத்தார். கல் சுட்டது. அப்போதுதான், இவ்வளவு நேரமும் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்த ஒரு நினைப்பு நேராக முன்னால் வந்தது. விட்டிருந்தால்கூடத் தேவலை. விடாமல் இருந்தால்? தாளைப் பிரித்து, பக்கத்தைப் புரட்டி, டிக் போட்டு, மதிப்பெண்ணும் போட்டு, கூட்டியும் இருந்தால்? அதில் ஒரு வரிகூட உள்ளே போகாமல்? உப்புப் போட்ட அதே கை, பூட்டைப் பூட்டிய அதே கை அதைச் செய்திருந்தால்? மூன்று படி கீழே இறங்கினார். யாருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டல் சரியாக இருக்கும், கையெழுத்து இருக்கும், அரக்கு வைத்தால் முடிந்தது. ஒரு பிழையும் மிச்சமில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க ஆளில்லை என்ற நினைப்பு வந்ததும் அடுத்த படியில் கால் வைக்காமல் நின்றார். கீழே யாரோ பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் ஓசை. மணி ஒன்று நாற்பத்திரண்டு. இறங்கியவர் திரும்பி ஏறினார். ஏறும்போது படிகளை எண்ணினார், மனம் வேறெங்கும் போகாதிருக்க.

மரகதவல்லி அம்மாள் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் பாதி எழுந்தார். "வாங்கய்யா. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா. காலைக் கட்டைக் கொஞ்சம் பாக்கணும்."

"உங்க கட்டா? நான் மூணு எடுத்துப் பாத்தேனே. எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு." கொஞ்சம் சிரித்தார். "உங்க கட்டுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டே போடலாம்."

"ஒரு தாள் மட்டும். கூட்டு முப்பத்தொண்ணு. கூடுதல் தாள் கட்டினது."

உறையைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். வேதரத்தினம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கடைசிப் பக்கங்களுக்குப் போனார். முடிச்சு தளர்ந்திருந்தது. தாள்கள் நன்றாகப் பிரிந்தன. நூலகத்தின் பயன் என்ற கட்டுரை. பத்திக்கு ஒரு டிக், ஒரே அளவில், ஒரே சாய்வில், நாற்று நட்ட மாதிரி. முடிவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஐந்து. அவருடைய ஐந்துதான், மேல்கோடு கொஞ்சம் நீண்டிருக்கும். எட்டுக்கு ஐந்து. கூட்டலிலும் சேர்ந்திருந்தது. எதுவும் விடவில்லை.

"சரியா இருக்காய்யா?" என்றார் மரகதவல்லி.

"ஒரு நிமிசம்மா."

படித்தார். முன்னுரை எல்லோரும் எழுதுவதுதான். முதல் இரண்டு பத்தியும் ஏதோ ஒரு வகுப்பறையில் யாரோ சொல்லி எழுத வைத்தது. முடிவுரை என்று தலைப்பிட்ட பிறகுதான் இரண்டு வரியில் முடியாமல் கூடுதல் தாளுக்குள் போயிருந்தது, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. 'எங்கள் ஊர் நூலகம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும். நான் முந்திரிக் கொட்டகையிலிருந்து வர ஆறு ஆகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவேன். முந்திரிக்கொட்டை உடைத்தால் விரல் கறுத்துவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. புத்தகத்தில் கறை படும் என்று நூலகர் என்னைத் தொட விடமாட்டார். அதனால் நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, மற்றவர்கள் படிக்கும் புத்தகத்தைத் தலைகீழாகப் படிப்பேன். முதலில் கஷ்டமாக இருந்தது. இப்போது நேராகப் படிப்பதைவிட அதுதான் எனக்கு வேகமாக வருகிறது. அவர்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் முடித்துவிட்டுக் காத்திருப்பேன். சிலர் முடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படி முடிவு தெரியாமல் நான் படித்த கதைகள் பதினான்கு. அவற்றுக்கு நானே முடிவு யோசித்து வைத்திருக்கிறேன். நூலகத்தால் எனக்கு உண்டான பயன் இதுவே.' 'காத்திருப்பேன்' என்ற சொல்லின் மேல் அவருடைய டிக் ஒன்று குறுக்கே ஏறி இறங்கியிருந்தது. அந்தச் சொல்லைப் பார்க்காமல் அப்படிப் போட முடியாது. பார்த்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு தடவை படித்தார். பிறகு தாளை மேசைமேல் வைத்து, "இதுக்கு ஏழு போடணும்மா" என்றார்.

மரகதவல்லி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "போடலாம். போடுங்க" என்றார். மதிப்பெண் மாற்றப் படிவத்தை எடுத்து நீட்டினார். எண், பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், மாற்றத்துக்கான காரணம். "காரணத்துல கூட்டல் பிழைன்னு எழுதிடுங்க. நான் பச்சையில போட்டுடுறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"கூட்டல் சரியாத்தான் இருக்கு."

"தெரியுமே. அதனாலதான் சொல்றேன். பட்டியல்ல உங்க பேரு இருக்குல்ல? இந்தப் படிவம் மேல போகும்."

வேதரத்தினம் பேனாவைத் திறந்தார். கட்டுரையின் ஐந்தை ஏழாக்கி, முகப்பில் முப்பத்தொன்றை அடித்து முப்பத்துமூன்று என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் கை தானாகக் 'கூ' என்று ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினார். அதை அடித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, எழுதப் பழகுகிற பிள்ளை மாதிரி மெதுவாக எழுதினார்: 'விடையைப் படிக்காமல் மதிப்பெண் இட்டேன். இப்போது படித்து மாற்றுகிறேன்.'

மரகதவல்லி அம்மாள் படிவத்தைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான். "ஐயா, இப்படி எழுதினா நான் இதோட விட முடியாது."

"தெரியுதும்மா."

"இந்த ஒண்ணைப் படிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இந்தக் கட்டுல மத்த பதினொண்ணு?"

வேதரத்தினம் வாயைத் திறந்தார். படித்தேன் என்று சொல்ல நினைத்தார். ஒரு தாளையாவது, அதில் இருந்த ஒரு வரியையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அடிக்கோடுகள் வந்தன, நிறைந்த பக்கங்கள் வந்தன, டிக்குகள் வந்தன. சொல் ஒன்றும் வரவில்லை. அதற்கு முன்னால் எட்டு நாள் இருக்கிறது, நாளுக்கு இருபத்துநான்கு என்று மனம் பெருக்கக் கிளம்பியது. அந்தக் கட்டுகளெல்லாம் அரக்கு வைத்து உள்ளே போய்விட்டவை. அதை மரகதவல்லி அம்மாளும் நினைத்திருக்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லையே என்ற நன்றியும், கேட்டிருக்கலாமே என்ற தவிப்பும் ஒன்றாக வந்தன.

மணி அடித்தது. மாடி முழுக்கச் செருப்புச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். அரக்குக் குச்சியும் மெழுகுவர்த்தியுமாக அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். "அம்மா, காலைக் கட்டு."

மரகதவல்லி அம்மாள் வேதரத்தினத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய உறையை மட்டும் அடுக்கிலிருந்து உருவி, தன் மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். "மத்ததெல்லாம் எடுத்துக்க முனியாண்டி. இந்தக் கட்டு இன்னும் முடியல" என்றார். குரலில் கனிவு இல்லை. பச்சைப் பேனாவால் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினார். "உக்காருங்கய்யா. இங்கயே உக்காந்து பாருங்க."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினொரு தாளில் மேலே இருந்ததை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அடர்ந்த நீல மை, நேரான எழுத்து, தலைப்புகளுக்கு அடிக்கோடு, பக்கம் நிறைய. நெற்றி வியர்த்தது; துடைக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடித் தள்ளி வைத்துவிட்டு, முதல் பக்கத்தின் முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தார். படித்தார். இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் கண் தானாக அடுத்த தலைப்புக்குத் தாவிவிட்டது. விரல் மட்டும் பின்னால் நின்றது. அவர் விரலை எடுத்து மறுபடியும் முதல் வரிக்குக் கீழே வைத்தார்.